உன் அண்ணன் உனக்கு எழுதி வைத்தது

மகனே,

எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கடுதாசியைத் தொடங்குவார்கள். எனக்கு அப்படித் தொடங்கக் கை வரவில்லை. அடுத்த மாதம் லீவில் வருகிறேன், வந்த மறுநாளே அண்ணனுடைய கம்ப்யூட்டரை வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய், அவன் எனக்கு எழுதி வைத்ததை எடுத்துப் படித்துவிடுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். நான் "சரிப்பா" என்றேன். அது பொய். அவன் எழுதி வைத்தது இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. என் கையால்தான் அழிந்தது. நீ டிக்கெட் எடுப்பதற்குள் இது உன்னிடம் வந்து சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ "விடும்மா, போனது போச்சு" என்பாய். நீ விடக்கூடாது. கடைசி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருக்கும். இதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒற்றை விரலால் தட்டித் தட்டித்தான் எழுதுகிறேன். எழுதத் தொடங்கி இன்றைக்குப் பதினோராவது நாள்.

உன் அண்ணன் சேது போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நீ சவூதியிலிருந்து பேசினாயே, நினைவு இருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவு இருக்கிறது. "யம்மா, ரெண்டு வருசமா அவன் எங்கூடப் பேசலை. போன் போட்டா எடுக்கலை. நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்கிறீக. ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் மனு எழுதுனவன் எனக்கு ரெண்டு வரி எழுதாமயா இருந்திருப்பான்? அந்த மிசின்ல பாரு. நீயே பாரு, வேற ஒருத்தர் கண்ணுலயும் பட வேணாம்" என்றாய். எனக்கு அதில் சுவிட்சு எது என்றுகூடத் தெரியாதே என்றேன். "பழகிக்கம்மா. எனக்கு அது ஒண்ணுதாம் வேணும்" என்றாய். அவன் முகத்தைக்கூட நீ போன் திரையில்தான் கடைசியாகப் பார்த்தாய். அதைக் கேட்ட பிறகு எப்படி மாட்டேன் என்று சொல்வது?

வெளிநாடு போன பிறகு நீ அவனுடைய கடைக்குள் வந்ததில்லை. முதுகுளத்தூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே அதே ஒற்றைக் கதவுக் கடைதான். பட்டா மாற மனு, முதியோர் பென்சனுக்கு மனு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீசு, எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் அடிப்பான். மஞ்சள் பூத்துப் போன பெட்டி, பின்னால் பானை வயிறு தள்ளின பழைய டிவி மாதிரித் திரை. யாரோ கழித்துப் போட்டதைத் தன் இருபது வயதில் வாங்கிவந்தான். அக்கம்பக்கத்துக் கடையெல்லாம் மடியில் வைக்கிற கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அவன் மாறவில்லை. "புதுசு ஒண்ணு வாங்குனா என்னலே?" என்று கேட்டால், "இதுக்குத் தெரிஞ்ச தமிழ் புதுசுக்குத் தெரியாதும்மா" என்பான். அவனுடைய தமிழ் அடிக்கிற புரோகிராம் அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டிக்குப் பின்னால் பூட்டு மாதிரி ஒரு சின்னத் துண்டைச் செருகி வைத்திருப்பான். அதை உருவினால் புரோகிராம் திறக்காது. நான் அந்தக் கடையில் இருபது வருசமாகச் செய்தது கூட்டுகிற வேலை மட்டும்தான்.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பர்வீனைக் கேட்டேன். கீழக்கரையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிள்ளை. குமரியாக இருந்தபோது இந்த மாதிரிக் கம்ப்யூட்டரில்தான் வகுப்புக்குப் போனதாம். "எதுக்கு பெரிம்மா இந்த வயசுல? அண்ணன் கடைய நீங்களா நடத்தப் போறீக?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான், ஆனால் இன்றைக்கு அது மெய்யாகிவிட்டது, அதை விடு. மவுசைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது. நான் அழுத்திப் பிடித்து இங்கும் அங்கும் ஓட்டினேன். "யா அல்லா, இஸ்திரிப் பெட்டி இல்ல பெரிம்மா, சட்டையா தேய்க்கிறீக?" என்று சிரித்தது. ஒன்றைத் திறப்பதற்கு அடுத்தடுத்து இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். மிளகாய் பறித்துக் காய்த்துப்போன விரல், எனக்கு அது ஒரு வாரம் வரவில்லை. "ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் நடுவுல பரமக்குடி பஸ்ஸே போயிரும் போலருக்கே" என்றது. மகன் போய் மாதம் ஒன்றாகாத நேரத்தில் நான் சிரித்தேன் மகனே. சிரித்துவிட்டுக் கடைக்கு வெளியே யாராவது பார்த்தார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

சேது எல்லாவற்றையும் விசைகளைத் தட்டியே திறந்துகொள்வானாம். அதனால் அவன் திரையின் முகப்பில் படங்களே இல்லை, மூன்றோ நாலோதான் இருந்தன. எனக்கு அது ஆகாது. "உங்களுக்கு வேண்டியது ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு படம் வச்சிருவோம். ஐகான்னு பேரு. படத்தப் பாத்துத் தட்டுனாப் போதும்" என்றது பர்வீன். உள்ளே போய், பட்டியலில் அந்தப் புரோகிராமைத் தேடி, மவுசால் பிடித்து, விடாமல் முகப்புக்கு இழுத்து வந்து, விட வேண்டும். அங்கே ஒரு படம் உட்கார்ந்துவிடும். முதல் படம் தமிழ் அடிக்கிறதற்கு. அது உட்கார்ந்தபோது நாற்று வேர் பிடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது அச்சடிக்கிறதற்கு. மூன்றாவது கணக்குப் போடுகிற பெட்டி. அது எனக்கு எதற்கும் தேவையில்லை, பழகுவதற்காக வைத்தேன். ஒரு படம் கோணலாக வந்துவிட்டது, எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிறது போய்விடுமா என்று பயந்தேன். "ஐகான்ங்கிறது போர்டு மாதிரி பெரிம்மா. முதுகுளத்தூர்னு போட்ட போர்டப் பிடுங்கி எறிஞ்சா ஊர் காணாமப் போயிருமா?" என்றது. "பஸ்ஸு நிக்காமப் போயிருவான்ல" என்றேன். "நிக்காட்டி இன்னொரு போர்டு நட்டுக்கலாம்." அன்றைக்கு நாலு தடவை பிடுங்கி நாலு தடவை நட்டேன். போர்டாக இருந்தால் படத்தின் கீழ் மூலையில் குட்டியாக ஒரு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. எனக்கு வலது கண்ணில் புரை இறங்கியிருக்கிறது. அந்த மங்கல் திரையில் அந்த அம்புக்குறி எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. தெரிகிறது என்று தலையாட்டினேன்.

இருபது நாள் கழித்துத்தான் அது கிடைத்தது. அவன் மனுக்களை வைத்திருக்கிற இடத்தில், கடைசியில் ஒரு பெயர். இங்கிலீசு எழுத்து. பர்வீன் குனிந்து, "தம்பி-ன்னு போட்டிருக்கு பெரிம்மா" என்றது. தட்டித் திறந்தோம். திரை முழுக்க இங்கிலீசு எழுத்தும் கோடும் புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. கோழி கிளறிப் போட்ட மாதிரி. இங்கிலீசிலா எழுதி வைத்தான் என்று கேட்டேன். "இல்ல, இது தமிழ்தான். பழைய எழுத்து, நேராத் தெறந்தா இப்படித்தாங் காட்டும். தமிழ் புரோகிராமுக்குள்ள கொண்டுபோய்த் தெறந்தா அச்சாப் படிக்கலாம். நாந் தெறக்கவா?" என்றது. வேண்டாம்த்தா, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்று நீ சொன்னதற்காக என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிக் காரணம். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை தன் கடைக்குப் போன பிறகு, அதையும் முகப்பில் வைத்துக்கொண்டால் தனியாக இருக்கும்போது திறந்து பார்க்கலாமே என்று நினைத்தேன். புரோகிராமை இழுத்த மாதிரியே அதையும் பிடித்து இழுத்து வந்து முகப்பில் விட்டேன். உட்கார்ந்தது. மறுநாளும் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. தினமும் காலையில் போய் அதன் எதிரே உட்காருவேன். திறக்கிற புரோகிராமுக்குப் படம் இருக்கிறது, படிக்க வேண்டியதற்குப் படம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடம்கூட இல்லை. கை போகவில்லை.

வெள்ளிக்கிழமை உன் மாமனார் கடைக்கு வந்தார். தாலுகா ஆபீசில் ஏதோ வேலையாம். "ஏத்தா தங்கச்சி, நீயா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்க? ஊரே பேசுது" என்று சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீசு தெரியும். "தம்பியா? மாப்பிள்ளைக்கு ஏதும் எழுதி வச்சிருக்கானா சேது?" என்று கேட்டார். ஏதோ மனுவண்ணே, யாரோ தம்பித்துரையுடையது என்று உளறினேன். அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை, அவர் சொல்லித்தான் உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். அடுத்து வருகிறவன் பார்ப்பான், கேட்பான். முகப்பில் இருப்பது போர்டுதானே, பிடுங்கிவிட்டால் ஊர் உள்ளேதானே இருக்கும் என்று அதை எடுத்துவிட்டேன். எடுக்கட்டுமா என்று அது ஒரு கேள்வி கேட்கும். ஆமாம் என்று தட்டினேன்.

எடுத்தது உடனே போகாது மகனே. முகப்பில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கிறது, அதில் போய் விழும். நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நம் வீட்டில் விளக்கு வைப்பதற்கு முன்னால் குப்பையை வாரி வெளியே கொட்டிவிட வேண்டும், விளக்கு வைத்த பிறகு வீட்டில் குப்பை நிற்கவும் கூடாது, வெளியே போடவும் கூடாது. கடையிலும் அப்படித்தான் செய்வேன். தரையைக் கூட்டிக் கொட்டிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் தீக்குச்சியைக் கிழிக்கப் போகிறவள் திரையைப் பார்த்தேன். அந்தத் தொட்டிப் படத்தில் காகிதம் துருத்திக்கொண்டு நின்றது. தொட்டியைக் காலி பண்ணவும் பர்வீன் சொல்லிக் கொடுத்திருந்தது. காலி பண்ணினேன். தொட்டி வெறுமையாகக் காட்டியதும் விளக்கை ஏற்றினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை உள்ளே போய்த் தேடினால் தம்பி இல்லை. பர்வீனைக் கூப்பிட்டேன். எப்படி வெளியே வைத்தீர்கள் என்று கேட்டது. புரோகிராமை வைத்த மாதிரித்தான், பிடித்து இழுத்தேன் என்றேன். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. "பெரிம்மா, புரோகிராம இழுத்தா போர்டு வரும். எழுதி வச்சத இழுத்தா அதுவே வந்துரும். நாந்தான் சொல்லலை, எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுதது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஊரையே பெயர்த்துக் கொண்டுவந்து, போர்டு என்று நினைத்துக் குப்பையில் போட்டவள் நான். ராமநாதபுரத்துக்கு ஒரு மெக்கானிக்கிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, "அது இருந்த எடத்துல வேற வந்து உக்காந்துருச்சும்மா, இனி வராது" என்றார். மதுரைக்காரனும் அதைத்தான் சொல்வான்.

இப்போது அந்த மீதியை எழுதுகிறேன். அது போய்விட்டது என்று பர்வீன் சொன்னபோது, ஐயோ என்று நான் நெஞ்சில் அடித்துக்கொள்வதற்கு முன்னால், ஒரு நொடி எனக்கு அப்பாடா என்று இருந்தது. பெற்ற பிள்ளை கடைசியாக எழுதிய எழுத்து போனதற்கு அப்பாடா என்று நினைத்த தாய் நான். ஏனென்றால் அவன் ஏன் உன்னோடு பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்து தெரியும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் உன் கல்யாணத்துக்கு நீ வந்திருந்தபோது, சேதுவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, யாராவது ஒன்று கொடுத்தால்தான் என்றார்கள். உங்கள் அய்யா இல்லை. எனக்குச் சர்க்கரை, என்னுடையது ஆகாது என்று தள்ளிவிட்டார்கள். நீ ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. மாலை வாடுமுன்னே ஆஸ்பத்திரிக்குப் போய், சேருமா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாய். "அண்ணே, எது வேணும், எடதா வலதா, சொல்லு, பாத்துத் தாரேன்" என்று அவனைக் கேலி பண்ணினாய். அவனும் "நல்லது எதுவோ அதக் குடுலே" என்றான். அந்த வாரம் முழுக்க அவன் சிரித்த முகமாகவே இருந்தான். உன் மாமனார் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒத்தக் கிட்னியோட வெளிநாட்டுல போயி மாப்பிள்ள வெயில்ல நிக்க முடியுமா தங்கச்சி? நாளைக்கு ஒண்ணுன்னா எம்பிள்ள கதி என்ன?" என்று கேட்டார். அவர் மகளைப் பெற்றவர், அவர் கேட்டார். முடிவு செய்தது நான்.

ரத்தத்தின் முடிவு வந்த அன்றைக்கு நீ விருந்துக்குப் போயிருந்தாய். சேது உள்ளே டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தான். நர்சு என்னை வெளியே கூப்பிட்டு, "சேருதும்மா. அடுத்த டெஸ்டுக்குத் தம்பியக் கூட்டிட்டு வாங்க" என்று காகிதத்தைக் கொடுத்தது. நான் அதை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன். உன்னிடமும் சொன்னேன், அவனிடமும் சொன்னேன்: சேரவில்லையாம். நீ கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதாய். உன் அண்ணன்தான் வந்து உன்னைத் தேற்றினான். "விடுலே, நீ என்ன பண்ணுவ" என்று முதுகைத் தட்டினான். அதை நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். மழை பொய்த்த வருசத்தில் மிளகாய் நாற்றுக்குக் குடம் சுமந்து ஊற்றியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் காணாது. அப்போது வாடினதை விட்டுவிட்டு, நிற்கிறதற்கு ஊற்ற வேண்டும். வாடினதன் மேல் இரக்கப்பட்டு ஊற்றினால் இரண்டும் போகும். எங்கள் அய்யா எனக்குச் சொன்னது, நான் களை கொத்த வந்த பொம்பளைகளுக்குச் சொன்னது. அந்தக் காட்டுப் புத்தியை என் வயிற்றில் பிறந்ததுகளிடம் காட்டிவிட்டேன். அவன் வாடினவன், நீ நிற்கிறவன். ஒருவேளை அடுத்த டெஸ்டில் ஆகாது என்று சொல்லியிருப்பார்கள். கொடுத்தும் அவன் பிழைக்காமல் போயிருப்பான். தெரியாது. தெரியவிடாமல் செய்தேன்.

நீ சவூதிக்குத் திரும்பி மூன்று மாதம் இருக்கும். அதே நர்சு அவனுக்கு ஊசி குத்தும்போது, "ஒங்க தம்பி ரிசல்ட்டு நல்லா வந்துச்சே, ஏன் மேக்கொண்டு வரலை?" என்று கேட்டுவிட்டது. ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, உத்தரகோசமங்கை தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்.

"யம்மா, தம்பி ரத்தம் சேந்துச்சாமே."

நான் மடியில் இருந்த தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அவனா வேணாம்னான்?"

இல்லை என்று ஒரு சொல் மகனே. இல்லடா, நான்தான் என்று இரண்டு சொல். வாயில் வரவில்லை. தேரிருவேலி வரைக்கும் அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு அவனே சொன்னான்: "சரி விடு. புதுசாக் கட்டுனவன். குடுன்னு கேட்டு வாங்குற பொருளா அது?" கொஞ்ச நேரம் கழித்து, "மாட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாம். ஒன்னையப் பொய் சொல்ல வச்சிருக்க வேணாம் அவன்" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு உன் போனை எடுப்பதை நிறுத்தினான். நீ மறுத்துவிட்டாய் என்று அவன் கோபப்படவில்லை. உனக்காக நான் பொய் சொன்னதாக நினைத்துத்தான் அவன் மனம் விட்டுப்போனது.

அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் வருசம் இருந்தான். வாரத்துக்கு இரண்டு தடவை அதே பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், வந்தேன். ஒவ்வொரு தடவையும் உத்தரகோசமங்கை வந்தது. ஒவ்வொரு தடவையும் தேரிருவேலி வந்தது. சொன்னால் அவன் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டானோ என்று பயந்தேன். உன்னை அவன் வெறுத்தாலும் பரவாயில்லை, என்னை வெறுக்கக்கூடாது என்று இருந்தேன். அவன் கடைசி மூச்சு விட்டபோதும் அவன் தலை என் மடியில்தான் இருந்தது. அந்த மடியை உன் பேரைக் கெடுத்துத்தான் வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது அழிந்த பிறகு நானே ஒன்று எழுத உட்கார்ந்தேன். எனக்குத்தான் இப்போது தமிழ் அடிக்கத் தெரியுமே. தம்பிக்கு அண்ணன் எழுதுவது, உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்லா இரு என்று மூன்று வரி அடித்தேன். அதே பெயர் வைத்து அதே இடத்தில் வைத்துவிட்டால் நீ வந்து படித்து அழுது நிம்மதியாகப் போய்விடுவாய். உன் மாமனாருக்கும் காட்டலாம். அவன் சொல்கிற மாதிரி "லே" போட்டுக்கூட ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்தபோது உடம்பெல்லாம் கூசியது. ஆஸ்பத்திரியில் ஒரு பொய், பஸ்ஸில் வாய் திறக்காத பொய், இப்போது செத்தவன் வாயில் ஒரு பொய். அழித்துவிட்டு, அதே இடத்திலிருந்து இந்தக் கடுதாசியைத் தொடங்கினேன்.

அவன் உனக்கு என்ன எழுதியிருந்தான் என்று எனக்குத் தெரியாது. திட்டியிருக்கலாம். மன்னித்தேன் என்று எழுதியிருக்கலாம். ஒன்றரைத் திரை அளவு இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். அவன் உன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டே போனான். அதை இனி யாராலும் மாற்ற முடியாது.

அங்கே உன்னோடு இருக்கிற உன் பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம். ஒன்று பிறக்கும், பிறகு இன்னொன்றும் பிறக்கலாம். எது நிற்கும் எது வாடும் என்று பெற்றவள் பார்க்கக்கூடாது, நீயும் பார்க்காதே. பார்த்துவிட்டாலும் அதுகள் வாய்விட்டுக் கேட்கிற அன்றைக்குப் பதில் சொல்லிவிடு. திட்டும், அடிக்கக்கூட வரும், வரட்டும். சும்மா இருந்துவிட்டால் பிரச்சினை தானாக ஆறும் என்று நம் பக்கத்துப் பொம்பளைகள் சொல்வோம். ஆறாது. நாம் சும்மா இருந்த இடத்தில் அதுகள் தப்பான பதிலை எழுதிக்கொள்ளும்.

இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கடையில் இருப்பேன். மனு எழுத வருகிறவர்களுக்கு இப்போது நான்தான் அடித்துக் கொடுக்கிறேன், மெதுவாகத்தான், காத்திருந்து வாங்கிப் போகிறார்கள். உன் மாமனாரிடம் நானே நேரில் போய்ச் சொல்வேன். உன் பெண்டாட்டியிடம் நீ சொல்.

ஆனால் உன் அண்ணனுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவனுக்குத் தண்ணீர் விட உன்னைத் தவிர யாரும் இல்லை. வருகிறபோது ராமேஸ்வரம் போவோம். அக்னி தீர்த்தத்தில் ஐயர் உன் கையில் எள்ளைப் போட்டுத் தண்ணீர் விட்டு, பேரைச் சொல்லச் சொல்வார். சேதுவின் பேரைச் சொல். சொல்லிவிட்டு, அவர் அடுத்த மந்திரத்துக்குப் போவதற்குள், கடலைப் பார்த்து, "அண்ணே, எனக்குத் தெரியாது. நான் தாரேன்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிடு. வாய்க்குள் முணுமுணுக்காதே, சத்தமாகச் சொல். பக்கத்தில் முழுகுகிறவர்கள் திரும்பிப் பார்க்கட்டும். பிறகு யார் சொன்னது பொய் என்று யாராவது கேட்டால் கையை நீட்டி என்னைக் காட்டு. நான் கரையில்தான் நிற்பேன்.

உன்னையும் அவனையும் பெற்றவள்